7-உம் 11-உம் இடம் மாறலாம், 8-உம் 12-உம் மாறக்கூடாது

டவுனிலிருந்தும் ஜங்ஷனிலிருந்தும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

முன்வரிசையில் 12 நாற்காலி கிடக்கிறது. 1 முதல் 12 வரை அட்டை ஒட்டியிருக்கிறோம். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து இடம் மாறலாம். ஒரே நிபந்தனை: ஒருவருடைய எண் இன்னொருவருடைய எண்ணை மீதியின்றி வகுத்தால், அவர்கள் போய் உட்காரும் எண்களும் அப்படியே வகுக்கவேண்டும். நிபந்தனை இல்லாவிட்டால் 47 கோடியே 90 லட்சத்து 1,600 விதம். இருந்தால்? இரண்டே விதம்!

ஏன்? 1 எல்லாவற்றையும் வகுப்பது, அது நகராது. பகா எண்ணை, அதைத் தவிர்த்தால், வகுப்பது 1 மட்டும்தான். ஆகவே அது பகா எண் இடத்துக்கே போகும். வகுக்கும் ஜோடிகளின் எண்ணிக்கை மாறாததால் மடங்குகளின் எண்ணிக்கையும் மாறாது. 12-க்குள் 2-க்கு 6 மடங்கு, 3-க்கு 4, 5-க்கு 2. 7-க்கும் 11-க்கும் ஆளுக்கு ஒன்று. ஆக, 7-உம் 11-உம் மட்டுமே மாறலாம். பகு எண்களுக்குச் சொந்த விருப்பம் கிடையாது. தம் பகாக் காரணிகள் போகிற வழியில் போகவேண்டியதுதான்.

13-ஆவது நாற்காலி போட்டால் 7, 11, 13 மூன்றும் சேர்ந்து 6 விதம். 14-ஆவது போட்டால் கூடவேண்டுமே? குறைகிறது! 7-க்கு 14 என்ற மடங்கு கிடைத்துவிட, அது 5-உடன் சேர்ந்துகொள்கிறது. 2×2, நான்கு விதம். 15-இல் இரண்டுதான்.

100-க்குக் கணக்கு இது: ஒவ்வொரு பகா எண்ணாலும் 100-ஐ வகுத்து, மீதியை விட்டு ஈவை எழுதுங்கள். ஈவு 1 வருபவை 53 முதல் 97 வரை பத்து. ஈவு 2: 37, 41, 43, 47. ஈவு 3: 29, 31. ஈவு 5: 17, 19. மற்றவை தனித்தனி. 10!×4!×2!×2! (10! என்றால் 1 முதல் 10 வரை எல்லாவற்றையும் பெருக்குவது), அதாவது 34,83,64,800. பலரும் 10!-ஓடு நின்றுவிடுவார்கள், பாதிக்கு மேற்பட்டவைதான் நகரும் என்ற நினைப்பு. இன்னொரு தப்பு, 17-ஐயும் 19-ஐயும் மட்டும் மாற்றுவது. 34-உம் 38-உம், 51-உம் 57-உம், 68-உம் 76-உம், 85-உம் 95-உம் கூடவே மாறவேண்டும். 17×19 வந்து குழப்பாதா என்றால், வராது. ஒரே ஈவு வரும் இரண்டு பகா எண்களும் மேல் எல்லையின் வர்க்கமூலத்தைவிடப் பெரியவை. அவற்றின் பெருக்கல் எல்லைக்கு வெளியே போய்விடும்.

யாருமே நகரமுடியாத எல்லைகள், அதாவது நாற்காலி எண்ணிக்கைகள், 1, 2, 4, 6, 10. ஒன்று கூட்டினால் 2, 3, 5, 7, 11. அடுத்தது 12 என்று கை தானாக எழுதும். அதுதான் பொறி. 12-க்கு இரண்டு விதம் என்று பார்த்துவிட்டோமே. 10-க்குப் பிறகு அப்படி ஓர் எல்லையே இல்லை. 11 முதல் எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கு மேல் அதற்குள் குறைந்தது இரண்டு பகா எண் உண்டு என்று நம்ம ராமானுஜன் 1919-இல் நிறுவிவிட்டார். 17 முதல் மூன்று, 29 முதல் நான்கு. ஆகவே 29 நாற்காலிக்கு மேல் எத்தனை போட்டாலும் 24 விதத்துக்குக் குறையாது.