சீக்கிரம் வளரும் மரத்தை வீட்டு வாசலில் வைக்கலாமா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். செங்கல்பட்டுப் பக்கம் அரை கிரவுண்டில் வீடு கட்டிக் குடிபோன ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மேற்குப் பார்த்த வாசல். மதியம் 3 மணிக்கு மேல் ஹாலில் உட்கார முடியவில்லையாம். வாசலுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே 8 அடி இடம் இருக்கிறது, அதில் பாதி சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. நர்சரியில் கேட்டபோது, "நாட்டு பாதாம் வையுங்கள், இரண்டே வருஷத்தில் மாடியைத் தொட்டுவிடும்" என்று ஒரு கன்றைக் கொடுத்தார்களாம். வைத்தும் விட்டார். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் வேர் சம்ப்பை உடைத்துவிடும் என்கிறாராம். "சீக்கிரம் வளரும் மரம் நல்லதா கெட்டதா, இந்தக் கன்றை என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, நர்சரிக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் இரண்டாவது வருஷத்தைப் பற்றிச் சொன்னார். நீங்கள் பத்தாவது வருஷத்தைக் கேட்டிருக்க வேண்டும். எவ்வளவு வேகமாக வளரும் என்பதைவிட, எவ்வளவு பெரிதாகும் என்பதுதான் வீட்டுக்கு முக்கியம். பாதாம் 60 அடிகூடப் போகக்கூடிய மரம். கிளைகளை அடுக்கடுக்காகக் குடைபோல் பக்கவாட்டில் விரித்துக்கொண்டே போகும். 8 அடி இடத்தில் அது எங்கே போகும்? ஒரு பக்கம் உங்கள் ஜன்னல், இன்னொரு பக்கம் தெருவின் மின்கம்பி. அப்புறம் இலை. வருஷத்தில் இரண்டு தடவை சிவந்து மொத்தமாகக் கொட்டும். ஒவ்வொன்றும் விரித்த கை அளவு. மொட்டை மாடியில் மழைநீர் போகும் ஓட்டையை மூட ஒரே ஒரு இலை போதும். முதல் மழையிலேயே மாடியில் தண்ணீர் கட்டி நிற்கும்.

வேகமாக வளரும் மரத்தில் நல்லதே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. வெட்டவெளியில் வீடு கட்டினவருக்கு நிழல் என்பது இந்தக் கோடைக்கே வேண்டும், பேரன் காலத்துக்கு இல்லை. வெறும் மண்ணில் முதலில் எழுந்து நிற்கும் மரம்தான் அடுத்து வரும் கன்றுகளுக்குக் காற்றையும் வெயிலையும் தாங்கிக் கொடுக்கும். முருங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 ரகம் விதை போட்ட ஆறாம் மாதத்தில் காய்க்கு வந்துவிடும். கீரைக்கும் காய்க்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. 3 அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுத் தாழவே நிற்கும். முருங்கையை ஒடித்து வளர் என்று சும்மா சொல்லவில்லை. ஒடிக்காமல் விட்டால் அதுவே ஒருநாள் காற்றில் ஒடிந்து விழும். குழந்தைகளை மட்டும் அதில் ஏற விடவே கூடாது.

குறை என்ன என்றால், சீக்கிரம் உயரும் மரங்கள் பலவற்றுக்குக் கட்டை மென்மையாக இருக்கும். உயரத்தில் அவசரம் காட்டுகிற மரம் கட்டையை இறுக்கிக்கொள்ள நேரம் எடுத்துக்கொள்வதில்லை. எல்லா மரமும் இப்படி இல்லை. சவுக்கு வேகமாகத்தான் வளர்கிறது, ஆனால் கட்டை இரும்பு மாதிரி. அதனால் "வேகமாக வளர்ந்தால் விழுந்துவிடும்" என்று மொத்தமாகச் சொல்ல மாட்டேன். முருங்கை, அகத்தி, குல்மோகர் மாதிரி மரங்களுக்குக் கிளை முறிவது சகஜம், அவ்வளவுதான்.

விழுவதைப் பற்றிச் சொல்லும்போது 2016 டிசம்பர் 12 ஞாபகம் வருகிறது. வர்தா புயல் அடித்த மறுநாள் காலை எங்கள் தெருவில் ஒரு குல்மோகர் வேரோடு சாய்ந்து கிடந்தது. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு மரம். பக்கத்தில் போய் வேரைப் பார்த்தேன். நடு வேர்கள் ஒன்றையொன்று சுற்றி, கயிறு சுருட்டி வைத்ததுபோல் ஒரு உருண்டையாக இருந்தன. நர்சரிப் பையில் எப்படிச் சுருண்டதோ அதே உருண்டை, அத்தனை வருஷம் கழித்தும். வெளியே போன நாலைந்து வேர்களும் மேல் மண்ணோடு சரி. அதே தெருவில் ஒரு வேம்பும் விழுந்தது. அதைச் சுற்றி அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டு மூடியிருந்தார்கள். புங்கம் இரண்டும் நின்றன. அன்றிலிருந்து கன்று வாங்கினால் பையைக் கிழித்து வேரைப் பார்க்காமல் நான் நடுவதில்லை. சுருண்ட வேர் இருந்தால் பிரித்துவிடுவேன், பிரிக்க வராததைக் கத்தரித்துவிடுவேன். தினமும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவதும் வேரை மேலேயே நிறுத்திவிடும். வாரத்துக்கு இரண்டு தடவை ஊற்றினாலும் ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள்.

இப்போது சம்ப். நல்ல சுவரை வேர் போய் உடைப்பதில்லை. ஈரம் கசியும் இடத்தைத் தேடிப் போகும். மயிரிழை விரிசலில் நுழைந்துவிட்டால் உள்ளேயே பருத்து விரிசலைப் பெரிதாக்கும். கழிவுநீர்க் குழாயின் இணைப்புகளிலும் இதே கதைதான். கோனோகார்பஸ் மரத்தை 2023-இல் குஜராத் அரசு தடை செய்ததற்குச் சொன்ன காரணங்களில் குழாய்களையும் கேபிள்களையும் அதன் வேர் சேதப்படுத்துவதும் ஒன்று. அழகாக வேலி கட்டுகிறது என்று இங்கேயும் நிறைய பேர் வைத்திருக்கிறீர்கள், தயவுசெய்து இனி வைக்காதீர்கள். உங்கள் மண் களிமண்ணாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. கோடையில் பெரிய மரம் அஸ்திவாரத்தின் கீழே இருக்கும் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கிச் சுவரில் விரிசல் விழலாம். ஆக, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். பெரிய மரம் என்றால் சம்ப்பிலிருந்தும் சுவரிலிருந்தும் 15 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. உங்களிடம் அந்த இடம் இல்லை.

சரி, 3 மணி வெயிலுக்கு என்ன வழி? உங்கள் மேற்குச் சுவருக்கு நிழல்தான் வேண்டும், மரமே வேண்டும் என்பதில்லை. வாசலை ஒட்டி ஒரு இரும்புப் பந்தல் போட்டு ரங்கூன் மல்லி ஏற்றுங்கள். அது படரும் வரை பீர்க்கங்காயும் அவரையும் இரண்டு மூன்று மாதத்தில் பந்தலை மூடிவிடும். சம்ப் இல்லாத மூலையில் ஒரு பவழமல்லி வையுங்கள். சின்ன மரம், வேகமாகவும் வரும், வெட்டி வெட்டி அளவாக வைத்துக்கொள்ளலாம். கொய்யா பிடித்தால் கொய்யா.

அந்தப் பாதாம் கன்றைக் கொன்றுவிடாதீர்கள். உங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடம் சும்மாதான் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஐப்பசி மழை தொடங்கினதும், சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அங்கே மாற்றுங்கள். முதல் நாளே நன்றாகத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். தண்டைச் சுற்றி ஓர் அடி தள்ளித் தோண்டி, மண் உதிராமல் சாக்கில் சுற்றி எடுங்கள். பாதி இலையைக் கிள்ளிவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். நட்ட பிறகு ஒரு குச்சியைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள், மூன்றாம் மாதம் அந்தக் கயிற்றை அவிழ்க்க மறக்காதீர்கள்.