கேம் கேமாகக் கூட்டிய ஒரு சீசன்

வணக்கம்.

டென்னிஸ் என்றதும் கண்முன் வரும் காட்சி எல்லோருக்கும் ஒன்றுதான். வலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்கிறார். கடைசியில் வென்றவர் கோப்பையோடு நிற்க, தோற்றவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக வெளியே போகிறார்.

இதே விளையாட்டை ஊருக்கு ஓர் அணி என்று வைத்து, ஆணும் பெண்ணும் ஒரே அணியில் சேர்ந்து ஆடும்படி செய்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் 1974இல் சிலர் அதைச் செய்து பார்த்தார்கள். வேர்ல்ட் டீம் டென்னிஸ் என்று அந்த லீகுக்குப் பெயர். மொத்தம் 16 அணிகள். மே மாதம் தொடங்கி ஆகஸ்டில் முடிந்த அந்த முதல் சீசனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பல வருடங்களாக என் மனதை விட்டு அகலாத சீசன் அது.

முதலில் அந்த லீகின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காகிதம், பென்சில் எதுவும் வேண்டாம், காதில் வாங்கிக்கொண்டாலே போதும்.

புள்ளிகள் சேர்ந்தால் ஒரு கேம், கேம்கள் சேர்ந்தால் ஒரு செட். வழக்கமான டென்னிஸில் ஒரு செட்டை 6-4 என்று இழந்தால் அந்த நான்கு கேம்கள் அதோடு போயிற்று. அவற்றுக்கு மதிப்பே இல்லை. டீம் டென்னிஸில் அப்படி இல்லை. கிரிக்கெட்டில் ஒவ்வொரு ஓட்டமும் அணியின் கணக்கில் சேர்கிறதல்லவா, அது போல ஒவ்வொரு கேமும் சேரும். பிற்காலத்தில் நிலைத்துப்போன முறையில் ஐந்து செட்கள்: ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர். ஐந்தையும் கூட்டி எந்த அணியிடம் அதிக கேம் இருக்கிறதோ அந்த அணிக்கு வெற்றி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் அணி மூன்று செட்களில் தோற்றுவிட்டது, மூன்றிலும் 6-4. மீதி இரண்டில் 6-1, 6-2 என்று வென்றது. கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு அந்தப் பன்னிரண்டும் இந்தப் பன்னிரண்டும் சேர்ந்து 24. எதிரணிக்குப் பதினெட்டும் மூன்றும் சேர்ந்து 21. ஐந்தில் மூன்று செட்களை இழந்தும் நீங்கள்தான் வென்றீர்கள்! தோற்றுக்கொண்டிருந்தபோதும் விடாமல் போராடி எடுத்த அந்த நான்கு நான்கு கேம்கள்தான் உங்களைக் காப்பாற்றின.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். இந்தக் கணக்கில் ஒரு பெண் எடுக்கும் கேமும் ஓர் ஆண் எடுக்கும் கேமும் ஒரே எடை. வழக்கமான போட்டிகளில் ஆண்களுக்கு ஓர் அட்டவணை, பெண்களுக்கு வேறொரு அட்டவணை, பரிசுத்தொகையும் அன்று வேறு வேறு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசு என்று அமெரிக்க ஓபன் முடிவெடுத்ததே 1973இல்தான். அதற்கு அடுத்த வருடமே ஸ்கோர் பலகையிலும் அந்தச் சமம் வந்துவிட்டது என்றால் அது சின்ன விஷயமா?

இதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங். 1973 செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் 30,000 பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கில் முன்னாள் ஆண்கள் சாம்பியனான 55 வயது பாபி ரிக்ஸை மூன்று நேர் செட்களில் தோற்கடித்தாரே, அவர்தான். அவருடைய அப்போதைய கணவர் லாரி கிங்கும், கூடைப்பந்து லீக், ஐஸ் ஹாக்கி லீக் என்று ஏற்கெனவே தொடங்கி அனுபவம் பெற்றிருந்த டென்னிஸ் மர்பியும் இந்த லீகை உருவாக்கியவர்களில் இருந்தார்கள். ஆம், அவர் பெயரே டென்னிஸ்தான்.

முதல் ஆட்டம் 1974 மே 6ஆம் தேதி. இடம் பிலடெல்பியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கம். அந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணி அதே மாதம் அதே அரங்கில்தான் ஐஸ் ஹாக்கி லீகின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஹாக்கி பார்த்துத் தொண்டை கிழியக் கத்திப் பழகிய ஊர்க்காரர்கள், 10,000 பேருக்கு மேல் டென்னிஸ் பார்க்க வந்தார்கள். இங்கே கத்தலாம், கைதட்டலாம், யாரும் வாயை மூடச் சொல்லமாட்டார்கள். ஆட்டத்தின் நடுவில் மாற்று வீரரை இறக்கலாம், பயிற்சியாளர் பக்கத்தில் வந்து ஆலோசனை சொல்லலாம். பதினைந்து, முப்பது, நாற்பது என்ற பழைய எண்ணிக்கைகூடக் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, அவ்வளவுதான். மூன்றுக்கு மூன்று வந்துவிட்டால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். முதல்முறை டென்னிஸ் பார்க்க வந்தவருக்கும் கணக்கு உடனே பிடிபட்டிருக்கும்.

அன்று பிலடெல்பியா ஃப்ரீடம்ஸ் அணிக்கு பில்லி ஜீன் கிங் ஆட்டக்காரர், பயிற்சியாளரும் அவரே. விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் மூன்று முறை ஆடிய பிரெட் ஸ்டோலி போன்ற ஆண்கள் அவருக்குக் கீழே ஆடினார்கள். தொழில்முறை ஆண்களை ஒரு பெண் வழிநடத்துவது அந்தக் காலத்தில் யாரும் பார்த்துப் பழகிய காட்சி அல்ல. எதிரே பிட்ஸ்பர்க் டிரையாங்கிள்ஸ். அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்து ஆடியவர் ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வால். அதே அணியில் ஆஸ்திரேலிய வீராங்கனை இவான் கூலகாங். ஆட்டம் 31-25 என்று பிலடெல்பியாவுக்குப் போனது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அன்று எதிரெதிர் அணிகளில் இருந்த கிங்கும் கூலகாங்கும் அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டத்தில் மோதினார்கள். கிங் 3-6, 6-3, 7-5 என்று வென்றார். டீம் டென்னிஸ் கணக்கில் கூட்டினால் 16-14. ஆண்கள் இறுதி ஆட்டத்தில் ஜிம்மி கானர்ஸ் நம் ரோஸ்வாலை 6-1, 6-0, 6-1 என்று தோற்கடித்தார். அது 18-2. எந்த ஆட்டம் இழுபறி, எது ஒருதலையாகப் போனது என்று இந்தக் கூட்டல் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. அதனால்தான் இன்றும் எந்த ஆட்டம் பார்த்தாலும் முடிந்ததும் கேம்களைக் கூட்டிப் பார்க்காமல் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. நீங்களும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.

சரி, கானர்ஸ் பெயர் வந்துவிட்டது. அவர் அந்த சீசனில் பால்டிமோர் பேனர்ஸ் அணிக்காக ஒப்பந்தமானவர். அந்த வருடம் ஆஸ்திரேலிய ஓபனில் ஆண்கள் பட்டம் அவருக்கு, பெண்கள் பட்டம் கூலகாங்குக்கு. இருவரையும் பிரெஞ்சு ஓபனில் ஆட விடவில்லை. காரணம், டீம் டென்னிஸில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பதுதான். லீக் நடக்கும் மாதங்களும் ஐரோப்பியப் போட்டிகள் நடக்கும் மாதங்களும் ஒன்றாக இருந்தன. தங்கள் போட்டிகளுக்கு நட்சத்திரங்கள் வராமல் போய்விடுவார்களோ என்று ஐரோப்பிய சங்கங்கள் அஞ்சின. கானர்ஸ் அந்த வருடம் ஆஸ்திரேலியா, விம்பிள்டன், அமெரிக்கா என்று மூன்றையும் வென்றார். நான்காவது பெரிய பட்டமான பிரெஞ்சு ஓபனுக்கு அவர் மோதிப் பார்க்கவே வாய்ப்பு இல்லை. மோதியிருந்தால் வென்றிருப்பாரா? பிரெஞ்சு ஓபனின் களிமண் தரையில் அன்று முதல்முறையாகப் பட்டம் வாங்கியவர் பதினெட்டு வயது பியான் போர்க். அதனால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆட்டக்காரரைத் தரையில் இறக்கித் தோற்கடிக்க வேண்டும், வாசலிலேயே நிறுத்தக் கூடாது. அந்தத் தடை அநியாயம் என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

சீசன் முடிவுக்கு வருகிறேன். ஃப்ரீடம்ஸ் 44 ஆட்டங்களில் 39 வென்றது, ஐந்தில் மட்டும் தோற்றது. அந்த அணியே கோப்பையை எடுக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். இறுதியில் டென்வர் ராக்கெட்ஸ் அணி இரண்டு ஆட்டங்களிலும் அவர்களை வீழ்த்தியது. விண்ணில் பாயும் ராக்கெட் இல்லை, கையில் பிடிக்கும் டென்னிஸ் மட்டை. டோனி ரோச் அதன் பயிற்சியாளர், ஆட்டக்காரரும் அவரே. பிரான்சின் பிரான்சுவா டூர் அந்த அணியில் இருந்தார். இதில் எனக்கு மனம் கனத்தது அதற்குப் பிறகு நடந்ததில். கோப்பையை வென்ற அணி அடுத்த வருடம் டென்வரில் இல்லை, பீனிக்ஸ் நகருக்குப் போய்விட்டது. 39 ஆட்டம் வென்ற ஃப்ரீடம்ஸும் பிலடெல்பியாவில் இல்லை. பணம் கட்டுப்படியாகவில்லை. ஊர் ஊராக அணி வைத்து நடத்துவது எவ்வளவு செலவு என்பது அந்த ஒரே சீசனில் தெரிந்துபோயிற்று.

1978 சீசனைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் கோப்பை லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டிரிங்ஸ் அணிக்கு. கிறிஸ் எவர்ட், இலி நஸ்டாசே இருந்த அணி. அவர்களோடு நம் விஜய் அமிர்தராஜும் அவருடைய தம்பி அசோக்கும். இறுதியில் அவர்களுக்கு எதிரே நின்றது மார்ட்டினா நவ்ரத்திலோவாவின் பாஸ்டன் அணி. அத்தோடு லீக் நின்றுபோய், 1981இல்தான் மீண்டும் தொடங்கியது. நம் லியாண்டர் பயஸ் இருந்த வாஷிங்டன் காஸில்ஸ் அணி 2011இல் 16 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல், 2012இலும் அதே போல 16 ஆட்டங்களும் வென்று...

அந்தக் கதைக்கு இன்னொரு நாள் வருகிறேன். வணக்கம்.