வண்டியிலேயே கிடந்த டார்க் ரெஞ்ச்

அவையோருக்கு வணக்கம்.

அணு ஆயுத விபத்து என்றதும் சிவப்புப் பொத்தானும் கிறுக்குப் பிடித்த தளபதியும்தான் நினைவுக்கு வருவார்கள். நான் பேசப்போவது ஒரு சாக்கெட்டைப் பற்றி. நட்டுக் கழற்ற ரெஞ்சின் முனையில் மாட்டுவோமே, அதேதான். என்ன, இது மூன்றரை கிலோ எடை.

1980 செப்டம்பர் 18. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், டமாஸ்கஸ் என்ற சிற்றூர் அருகே நிலத்தடிக் குழியில் நின்ற, அணுகுண்டு பொருத்திய டைட்டன் 2 ஏவுகணையில் விமானப்படைப் பராமரிப்புக் குழு வேலை செய்துகொண்டிருந்தது. இந்த வேலைக்கு டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு விசையில் முடுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ரெஞ்ச்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்து அதிக நாள் ஆகவில்லை. அது வெளியே வண்டியில் கிடந்தது. இவர்களோ கனத்த பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். சரி, பழைய ராட்செட் ரெஞ்சே போதும் என்று தொடங்கினார்கள். சாக்கெட் கழன்று சுமார் 80 அடி விழுந்து, மோதித் தெறித்து, எரிபொருள் தொட்டியில் ஓட்டை போட்டது. மறுநாள் அதிகாலை ஏவுகணை வெடித்தது. ஒருவர் இறந்தார்; 21 பேருக்குக் காயம். 9 மெகாடன் அணுகுண்டு குழிக்கு வெளியே போய் விழுந்தது. நல்லவேளை, வெடிக்கவில்லை.

அந்த இளைஞர்களை அலட்சியக்காரர்கள் என்று திட்டிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. தாமதமானால் ஏன் என்று கேட்க ஆள் இருக்கும். எந்த ரெஞ்சைக் கொண்டு முடித்தாய் என்று கேட்க ஆள் இருக்காது. எந்தப் பட்டறையிலும் இதுதானே நடக்கிறது?

34 ஆண்டுகள் கழித்து, 2014 நவம்பரில், அமெரிக்காவின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் ஒரு விஷயத்தைச் சொன்னார். மினிட்மேன் 3 என்ற அணு ஏவுகணைகள் மூன்று தளங்களில் 450 இருந்தன. அவற்றின் அணுகுண்டு முனையில் போல்ட் முடுக்கும் கருவிப் பெட்டி மொத்தமே ஒன்றுதான்! கூரியரில் தளத்துக்குத் தளம் அனுப்பிச் சமாளித்திருக்கிறார்கள். இந்தச் சமாளிப்புத் திறமைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கீழே இருப்பவர் சமாளிக்கச் சமாளிக்க, மேலே இருப்பவருக்குக் குறையே கண்ணில் படாது.

அப்புறம், 2007 ஆகஸ்ட். அமெரிக்க விமானப்படையின் மைனாட் தளத்தில் அணுகுண்டு பொருத்திய 6 ஏவுகணைகளைத் தவறுதலாக ஒரு பி-52 குண்டுவீச்சு விமானத்தில் மாட்டிவிட்டார்கள். இடது இறக்கையில் 6, வலது இறக்கையில் அணுகுண்டு இல்லாத 6. பறக்குமுன் பார்த்த அதிகாரி வலதுபக்கத்தை மட்டும் சோதித்தார். விமானம் பார்க்ஸ்டேல் என்ற இன்னொரு விமானப்படைத் தளத்தில் இறங்கிப் பல மணிநேரம் அப்படியே நின்றது. ஏவுகணைகளை இறக்கவந்த தரைப் பணியாளர்கள்தான் ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே என்று நின்று பார்த்தார்கள். பார்த்ததை மேலே சொன்னார்கள்.