அப்பாடா என்று இருக்கிறதே, அங்கேதான் சிக்கல்

வணக்கம் நண்பர்களே. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன், குரல் தெளிவாகக் கேட்கும் என்று நினைக்கிறேன். இன்றைக்குப் பேசப்போவது கல்லூரிப் படிப்போடு ஒட்டிக்கொண்டே வருகிற பதற்றத்தைப் பற்றி. நான் மருத்துவர் இல்லை, உங்களைப் போல் படித்துக்கொண்டிருக்கிற ஆள்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பதற்றத்தில் இருப்பவரிடம் எல்லாரும் சொல்வது, "பதற்றப்படாதே." இதைவிட உதவாத அறிவுரை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் மாணவர்களை உட்காரவைத்து, வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. எனவே எண்ணத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிடுவோம். பதற்றம் வந்ததும் நம் கை கால் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நழுவுகிறது. பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கும். 'உங்கள் கட்டுரை தொடர்பாக' என்று தலைப்பு மட்டும் தெரியும். விரல் அதன் பக்கத்தில் போய் ஒரு நொடி நிற்கும், பிறகு வேறு எதையோ திறக்கும். அப்பாடா என்று இருக்கும். அந்த அப்பாடாதான் தூண்டிலில் மாட்டிய புழு. நழுவினால் நிம்மதி கிடைக்கும் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக நழுவச் சொல்கிறது. திறக்காத மின்னஞ்சலோ நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகிறது. கடைசியில் ஒரு நாள் திறந்தால், 'பக்க எண் விட்டுப்போயிருக்கிறது, சேர்த்து அனுப்பவும்' என்று ஒரே ஒரு வரி.

நழுவல் எப்போதும் நழுவலாகத் தெரியாது. உழைப்பு வேடத்திலும் வரும். நோட்டில் நான்கு நிறங்களில் அடிக்கோடு போடுவது, தெரிந்த பாடத்தையே மறுபடி மறுபடி வாசிப்பது, "நான் தேறிவிடுவேன் இல்லையா?" என்று நண்பர்களை விடாமல் கேட்பது, எல்லாம் அந்த வகைதான். (அடிக்கோடு ரசிகர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.) அதற்குப் பதிலாகப் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருப்பதை வெறுந்தாளில் எழுதுங்கள். எது தெரியாது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும், அதனால்தான் பயம். ஆனால் 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் நடத்திய ஆய்வில், ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் அல்ல, இப்படி எழுதிப் பார்த்தவர்கள்தான்.

செமினார் பயத்துக்கும் இதே வழிதான், கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் அறையில் தனியாக வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு நண்பர் முன்னால். பிறகு வகுப்பு காலியாக இருக்கும் நேரத்தில் கரும்பலகைக்கு முன் நின்று. பயத்தை இப்படிப் படிப்படியாகச் சந்திக்கும் சிகிச்சை முறையை 1958இல் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் புத்தகமாகவே எழுதிவிட்டார். இன்றைய சிகிச்சைகளில் முக்கியமாகச் சொல்வது, பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடக் கூடாது என்பதை. நெஞ்சு படபடக்கட்டும், குரல் நடுங்கட்டும், அங்கேயே நில்லுங்கள். அந்த அலை தானே இறங்குவதை ஒரு முறை உடம்பு பார்த்துவிட்டால், எந்த அறிவுரையும் தராத தைரியம் வரும்.

தேர்வுக்குச் சற்று முன் கவலைகளைத் தாளில் கொட்டினால் மதிப்பெண் கூடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011இல் வந்த ஆய்வு அது. பின்னால் வேறு ஆய்வாளர்கள் மறுபடி செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதினால் மனம் லேசாகிறது என்றால் எழுதுங்கள், மதிப்பெண்ணுக்காக வேண்டாம். காபி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதிலுள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில்தான் இருக்கும். அது தரும் படபடப்பைப் பயம் என்று எடுத்துக்கொண்டு வீணாகத் தவிப்போம்.

இவ்வளவும் சாதாரணப் பதற்றத்துக்கு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பிட முடியவில்லை, வகுப்பு வாசல்வரை போய்த் திரும்பி வருகிறீர்கள் என்றால், என் வீடியோ போதாது. கல்லூரியின் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டுமா என்ற நினைப்பு வந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இப்போதே அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். ஆலோசகர் அறைக்குப் போவதற்கே பதற்றமாக இருக்கிறதா? அதுவும் நடப்பதுதான். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் இரண்டு வரி எழுதிக்கொண்டு போய்த் தாளை நீட்டுங்கள். மேற்கொண்டு கேள்விகளை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.