கிளாமர்: ஸ்காட்லாந்தின் கண்கட்டு வித்தை

(திரையில்: எடின்பரோ நகரின் பழைய வீதி ஓவியம்)

1721-ஆம் ஆண்டு. பொய்முடி செய்யும் தொழிலிலிருந்து கவிதைக்கு வந்த ஆலன் ராம்சே, எடின்பரோவில் தம் கவிதைத் தொகுப்பை வெளியிடுகிறார். ஸ்காட்லாந்து மக்கள் பேசும் ஸ்காட்ஸ் மொழி அறியாதவர்களுக்காக ஒரு சொல்லகராதியையும் அதில் சேர்க்கிறார். அதில் உள்ள ஒரு சொல்தான் கிளாமர். பேய்களோ மந்திரவாதிகளோ செப்படி வித்தைக்காரர்களோ பார்வையை ஏமாற்றினால், பார்ப்பவரின் கண்மேல் கிளாமரை வீசிவிட்டார்கள் என்பார்களாம்.

தமிழில் நாம் கண்கட்டு வித்தை என்கிறோமே, அதேதான். அழகைப் பற்றிய பேச்சே இதில் இல்லை. அன்று இது வேடிக்கையும் அல்ல. சூனியக்காரர் என்று முடிவானால் உயிரையே பறிக்கும் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடப்பில் இருந்தது. அது நீங்கியது 1736-இல்தான்.

(திரையில்: கையெழுத்துச் சுவடி ஒன்றின் பக்கம்)

இந்தச் சொல்லின் பிறப்பு இன்னும் வியப்பானது. கிளாமர் என்பது கிராமர்தான். ஆம், பள்ளியில் நாம் படித்த அதே இலக்கணம்!

கிரேக்க மொழியில் கிரம்மா என்றால் எழுத்து. அதிலிருந்து வந்த லத்தீன் சொல் இடைக்கால ஐரோப்பாவில் ஏட்டுக்கல்வி முழுவதையும் குறித்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. புரியாத மொழியில் ஏட்டைப் பார்த்து ஒருவர் முணுமுணுத்தால், அது பாடமா மந்திரமா என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? பிரெஞ்சில் மந்திர நூலைக் குறிக்கும் கிரிமுவார் என்ற சொல்லும் இதே வேரில் முளைத்தது. ஸ்காட்லாந்து மக்களின் நாவில் ரகரம் லகரமாகி, கிளாமர் பிறந்தது.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்கு இந்த உறவு தெரிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். 1789-இல் எழுதிய ஒரு கவிதையில், அடுத்தடுத்த அடிகளின் இறுதியில் கிளாமரையும் கிராமரையும் இயைபாக நிறுத்துகிறார். ஜிப்சிகளின் கையில் கிளாமர். சூனியக்காரர்கள் கற்றுத் தேர்ந்தது நரகத்தின் கறுப்பு கிராமர்.

ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களோடு இந்தச் சொல்லைப் பிணைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. அதை வெறும் கற்பனை என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. அவர்களை நாட்டைவிட்டே வெளியேறச் சொல்லி 1609-இல் சட்டம் போட்ட நாடு அது.

(திரையில்: சிலந்தி வலை மெல்ல மெல்லத் திரைச்சீலையாக மாறுகிறது)

ஸ்காட்லாந்துக்கு வெளியே இச்சொல்லைப் பரப்பியவர் அந்நாட்டு எழுத்தாளர் வால்டர் ஸ்காட். 1805-இல் வந்த அவருடைய நெடுங்கவிதையில், நிலவறைச் சுவரின் சிலந்தி வலை கிளாமரின் வலிமையால் அரண்மனைத் திரைச்சீலையாகத் தோன்றுகிறது. வலை வலையாகவே இருக்கிறது; மாறுவது பார்வை மட்டும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மந்திரம் மங்கி, மயக்கும் வசீகரம் என்ற பொருள் வந்தது. 1930-களில் ஹாலிவுட் அந்தச் சொல்லை நட்சத்திரங்களுக்குச் சூட்டியது. 1939-இல் அமெரிக்காவில் 'கிளாமர் ஆஃப் ஹாலிவுட்' என்ற பெயரில் ஒரு பத்திரிகையும் தொடங்கியது.

தமிழுக்கு வந்தபோது கிளாமர் இன்னும் சுருங்கிவிட்டது. நம் சினிமாச் செய்திகளில் அது பெரும்பாலும் நடிகையின் உடையளவைக் குறிக்கிறது. "கிளாமராக நடிக்க மாட்டேன்" என்று அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ராம்சேயின் அகராதியில் கிளாமர் விழுந்தது பார்க்கிறவரின் கண்மேல்.