வேலி மாற்றுவதற்கு முன்: சரிவு நிலத்தை அளப்பது எப்படி?

[காட்சி: மன்னவனூர்ச் சரிவில் படிப்படியாக இறங்கும் கேரட் தோட்டம். ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் முள்கம்பி வேலி.]

பழைய வேலியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பி இழுக்கப் போகிறீர்களா? பிடுங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். முதலில் அளவு.

"அதே குழியில் தூணை நட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கொடைக்கானல் மேல்மலையில் வேலி நட்ட இடத்திலேயே நிற்பதில்லை. காட்டெருமை சாய்த்த தூணை இரண்டடி உள்ளே தள்ளி நட்டிருப்பார்கள். கரை சரிந்த இடத்தில் கம்பி வளைந்து போயிருக்கும். ஆனாலும் அளந்து முடிக்கும் வரை அந்த வேலி நிற்கட்டும். பக்கத்து நிலத்துக்காரரோடு பேச்சு வந்தால், இதுவரை எது எல்லையாக நடப்பில் இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பட்டாவும் புல வரைபடமும் கையில் வேண்டும். எஃப்.எம்.பி. என்று தாலுகா அலுவலகத்தில் சொல்வது இந்த வரைபடத்தைத்தான். வருவாய்த் துறையின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். பக்க நீளங்கள் இப்போதைய வரைபடங்களில் மீட்டரில் இருக்கும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய நகல் என்றால் லிங்க் கணக்காக இருக்கலாம். 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. லிங்க்கை மீட்டர் என்று படித்தால் அடுத்தவர் பூண்டுத் தோட்டத்தையும் தாண்டிப் போய் நிற்பீர்கள்.

[காட்சி: வரப்போரத்தில் மெல்லிய இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திப் பார்க்கும் கை.]

அடுத்து சர்வே கல், அதாவது நில அளவையின்போது மூலையில் நட்ட எல்லைக் கல். மேல்படியிலிருந்து வழியும் மண் அதை மூடியிருக்கும். வரைபடம் காட்டும் மூலையில் கம்பியைச் செருகிப் பாருங்கள். வெறும் பாறையிலும் கம்பி தட்டும். ஆகவே சுற்றிலும் மண்ணை விலக்கி, செதுக்கிய கல்லா, தலையில் உளிக்குறி இருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள். கிடைத்தால் சுண்ணாம்பு தடவி அடையாளம் வையுங்கள். சாய்ந்திருக்கிறதே என்று நிமிர்த்த வேண்டாம். சர்வே கல்லை நகர்த்துவது சட்டப்படி குற்றம்.

[காட்சி: சரிவில் இருவர் டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்திருக்கிறார்கள். கீழே நிற்பவர் கையிலிருந்து தூக்குக்குண்டு தொங்குகிறது.]

இனிதான் மலைக்காரர்களுக்கான சங்கதி. வரைபடத்தில் உள்ளது தரையின் சரிவு நீளம் அல்ல, கிடைமட்ட நீளம். சமவெளியில் இரண்டும் ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. 20 பாகைச் சரிவில் தரையோடு படிய 60 மீட்டர் அளந்தால், கிடைமட்டமாக நீங்கள் கடந்தது 56.4 மீட்டர்தான். மீதி மூன்றரை மீட்டருக்கு மேல் உங்கள் நிலம் வேலிக்கு வெளியே போய்விடும். மேல்மலையில் எல்லைத் தகராறு என்று பேசப்படுவதில் எத்தனை இப்படி டேப்பைத் தரையில் போட்டதால் வந்தவையோ!

ஆகவே படிப்படியாக அளக்க வேண்டும். மேலே நிற்பவர் டேப்பின் தொடக்கத்தைத் தரையில் அழுத்திப் பிடிக்கட்டும். கீழே நிற்பவர் டேப்பை மட்டமாக இழுத்து, தூக்குக்குண்டு தொடும் இடத்தில் முளை அடிக்கட்டும். ஒரு வீச்சுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போக வேண்டாம். டேப் தொய்ந்தால் அளவு கெடும். சரிவு கடுமையானால் இரண்டு மீட்டரே போதும். மட்டம் பார்க்க, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் கச்சிதமாக வேலை செய்யும். கைப்பேசி ஜிபிஎஸ் பல மீட்டர் தவறக்கூடும். வேலிக்கு அது உதவாது.

நான்கு பக்கமும் ஒத்துப்போனாலும் வடிவம் சாய்ந்திருக்கலாம். மூலைவிட்டத்தையும் அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

கல்லே இல்லை, அல்லது பக்கத்து நிலத்துக்காரர் ஒப்பவில்லை என்றால் நீங்களே கோடு போடாதீர்கள். அத்து காட்டக் கோரி, அதாவது எல்லையை அளந்து காட்டும்படி, விண்ணப்பித்தால் அரசு சர்வேயர் அண்டை நிலத்தாருக்கும் அறிவிப்புக் கொடுத்து அளப்பார். உட்பிரிவு ஆகாத, அதாவது ஒவ்வொருவர் பங்கும் தனியாகப் பிரித்து அளக்கப்படாத, பங்காளி நிலத்தில் உங்கள் எல்லை வரைபடத்திலேயே இருக்காது. அங்கே உட்பிரிவுதான் முதல் வேலை.

எல்லை தெரிந்த பிறகு கம்பிக் கணக்கு. இதற்கு மட்டும் டேப்பைத் தரையோடு படிய விடுங்கள். கம்பி சரிவோடுதான் ஓடும். வரைபடத்தில் 60 மீட்டர் என்று இருக்கும் அதே பக்கத்துக்கு, அதே 20 பாகைச் சரிவில், ஒரு வரிக்கு ஏறக்குறைய 64 மீட்டர் பிடிக்கும். ஐந்து வரி இழுத்தால் 20 மீட்டர் கூடுதல். சுற்றுக்கும் தொய்வுக்கும் தனியாகக் கொஞ்சம் சேருங்கள்.

தூண்குழியைக் கல்கட்டின் விளிம்பில் தோண்ட வேண்டாம். ஐப்பசி மழையில் தூணும் கட்டும் சேர்ந்தே கீழ்ப்படிக்கு இறங்கும். சூரிய மின்வேலி போடும் எண்ணம் இருந்தால், 2023ஆம் ஆண்டின் மின்வேலி விதிகள் உங்களுக்குப் பொருந்துமா என்று கம்பி வாங்கும் முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.