ஓத்ராந்தோ பேராலயத்தின் தரை

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலி வரைபடம் ஒரு பூட்ஸ் கால் மாதிரி இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் காலின் குதிகாலில், கடலோரம் இருக்கும் சின்ன ஊர் ஓத்ராந்தோ. ஊர்தான் சின்னது, அது ஓர் உயர்மறைமாவட்டத்தின், அதாவது பேராயர் ஒருவர் தலைமையில் இயங்கும் கத்தோலிக்கச் சபைப் பகுதியின், தலைமையிடம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1480இல் நடந்த கொலைகளில்தான் ஆரம்பிப்பார்கள். நான் பேராயரின் கோயிலான பேராலயத்தின் தரையில் ஆரம்பிக்கிறேன்.

மொசைக் என்றதும் நமக்கு வீட்டுத் தரை ஞாபகம் வரும். கல்துண்டுகளைக் கலந்து கொட்டி, மழமழவென்று தேய்த்த தரை. ஓத்ராந்தோ பேராலயத்தில் இருப்பது வேறு. பொடிக்கற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, தரை நெடுகப் படமாகவே செய்திருக்கிறார்கள். பேராயர் ஜொனாத்தா செய்யச் சொல்ல, பந்தலேயோனே என்ற கிறிஸ்தவக் குரு 1163 முதல் 1165 வரை உருவாக்கியது.

வாசல் பக்கம் இரண்டு யானைகள். அவற்றின் முதுகிலிருந்து எழும் பெரிய மரம் ஒன்று பீடத்தை நோக்கிப் போகிறது. அக்கம்பக்கத்தில் நோவாவின் பேழை, பாபேல் கோபுரம், பன்னிரண்டு மாதத்துக்கும் உரிய வேலைகள். அப்புறம், பேரரசர் அலெக்சாந்தர்! ஆர்தர் ராஜாகூட ஆடு மாதிரியான ஒரு விலங்கின் மேல் ஏறி வருகிறார். பக்கத்திலேயே பெயர் பதித்திருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. பிரிட்டனின் கதை ராஜா இத்தாலியின் தென்கோடிக் கோயிலுக்கு எப்படி வந்தார்? வடக்கேயிருந்து வந்து இந்த நாட்டைப் பிடித்த நார்மன்களோடு கதையும் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர்கள் வருவதற்கு முன்னால் இது கிரேக்கச் சபை. 968இல் கிரேக்கச் சபையின் தலைவரான கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) மறைமுதுவர்தான் ஓத்ராந்தோவைப் பெருநகர் ஆயரின், அதாவது சுற்றியுள்ள ஆயர்களுக்கு மேலானவரின், இருக்கையாக உயர்த்தினார். வழிபாடும் கிரேக்க முறையில்தான் நடந்தது. நார்மன்கள் காலத்தில் ரோமின் லத்தீன் முறை வந்தது. இப்போதைய பேராலயம் 1088இல் அபிஷேகமானது. ஆனாலும் கிரேக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. பக்கத்துக் கசோலே மடத்தில் கிரேக்கத் துறவிகள் நூலகம் வைத்து வெளியாட்களுக்கும் புத்தகம் இரவல் கொடுத்தார்கள். தரையையே பாருங்கள், திரும்பவும் தரைக்கே வருகிறேன்: பந்தலேயோனே என்ற பெயர் கிரேக்கம், அவர் பதித்த எழுத்து லத்தீன். இரண்டும் ஒரே தரையில் இருப்பதால்தான் இந்த மறைமாவட்டம் எனக்கு இவ்வளவு பிடித்துப்போனது.

சரி, நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். 1480 ஜூலையில் உஸ்மானியத் துருக்கியரின் கப்பல்கள் வந்தன. ஆகஸ்டில் ஊர் விழுந்தது, பேராயர் ஸ்தேஃபனோ பெந்தினெல்லி கொல்லப்பட்டார். அந்தோனியோ பிரிமால்தோ என்ற தையற்காரரும் கூட இருந்தவர்களும் மதம் மாற மறுத்து, ஆகஸ்ட் 14 அன்று மினெர்வா குன்றில் வெட்டுண்டார்கள். எண்ணூற்றுப் பதின்மூன்று பேர் என்பது மரபு. மறு ஆண்டு ஊர் மீட்கப்பட்டது. 2013 மே 12 அன்று வெட்டுண்ட அந்த எல்லாருக்கும் திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். அவர்களுடைய எலும்புகள் அதே பேராலயத்தின் சிற்றாலயம் ஒன்றில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. வணக்கம்.